குறைமாதத்தில் பிறந்த பையனும் நழுவும் கணக்கும்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு ஏழரை வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எனக்கு பிரஷர் ஏறிவிட்டதால் 28-ஆம் வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பிறந்தது ஜூலை 10. டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி அக்டோபர் 2. எடை 1,050 கிராம்தான். இரண்டு மாதம் இன்குபேட்டரில் இருந்தான். தலை ஸ்கேனில் 'கிரேடு 1 ரத்தக்கசிவு' என்று எழுதியிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நடை, பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தாலும் நன்றாகவே வந்துவிட்டது. தமிழ் சரளமாகப் படிக்கிறான், கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். கணக்குதான் வரவில்லை. போர்டில் எழுதிப் போடுவதைப் பாதிதான் எழுதி வருகிறான். "புத்தி இருக்கு, சோம்பேறித்தனம்" என்கிறார் டீச்சர். மாமியார், "குறைமாசப் பிள்ளை அப்படித்தான் இருக்கும், விடு" என்கிறார். ஏழாம் மாதம் வரை நான் வேலைக்குப் போனதுதான் காரணமா? மூளையில் பாதிப்பு இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? அபாகஸ் வகுப்பில் சேர்க்கட்டுமா? ஞாபகசக்தி டானிக் கொடுக்கலாமா? இரண்டு பக்கக் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். - ஒரு தாய், திருப்பூர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டை அனுப்பியது நல்லதாயிற்று. கடிதத்தைவிட அந்த இரண்டு பக்கங்களில்தான் உங்கள் பையன் எனக்கு நன்றாகத் தெரிகிறான்.

மேலே உள்ள பெருக்கல் 26 × 3. ஆறு மூன்று பதினெட்டு என்று போட்டு, மீதி 1-ஐ 2-இன் தலைமேல் சின்னதாக எழுதி வைத்திருக்கிறான். விடை 78, சரி. அதற்குக் கீழே 37 × 4. இங்கே மீதியை மேலே எழுதவில்லை, மனதில் வைத்துக்கொண்டிருக்கிறான். 28-க்கு 8 போட்டாயிற்று, மூன்று நான்கு பன்னிரண்டும் போட்டாயிற்று. விடை 128. மனதில் வைத்த 2 காணாமல் போய்விட்டது. அடுத்த பக்கத்தில் வழிக்கணக்கு: ஒரு பெட்டியில் 24 மாம்பழம், 6 பெட்டி, அதில் 9 அழுகிவிட்டன, மீதி எத்தனை? 144 என்று மிகச் சரியாகப் பெருக்கிவிட்டு, கீழே இரண்டு கோடு இழுத்து முடித்துவிட்டான். அழுகிய மாம்பழம் அவன் நினைவிலேயே இல்லை.

வாய்ப்பாடு தெரியாத பையன் இப்படிப் போடமாட்டான். பெருக்கல் என்றால் என்ன என்று புரியாதவனும் போடமாட்டான். ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொன்றை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தில்தான் அவனுக்கு நழுவுகிறது. காகிதத்தில் எழுதி வைத்தால் நழுவவில்லை. இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது அநியாயம். மீதியை மேலே எழுதிக்கொள்ளும் வழியை அவனாகவே கண்டுபிடித்திருந்தால், சோம்பேறி என்ன, கெட்டிக்காரன் என்றே சொல்வேன்.

402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருப்பீர்கள். அதை விடுங்கள். 8-லிருந்து 2, 7-லிருந்து 0 என்று பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டுப் போவது மூன்றாம் வகுப்பில் நிறையக் குழந்தைகள் செய்வது. நடுவில் பூஜ்யம் இருந்தால் கடன் வாங்குவது எல்லோருக்குமே தலைவலிதான்.

சரி, இதற்கும் ஏழாம் மாதத்தில் பிறந்ததற்கும் என்ன தொடர்பு?

28 வாரத்தில் குழந்தையின் மூளையைப் பார்த்தால் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வரும் 12 வாரங்களில் உண்டாகின்றன. அதே காலத்தில் மூளையின் வெளி அடுக்கான சாம்பல் பகுதி ஏறத்தாழ நான்கு மடங்கு பெருக்கிறது. ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பு இழைகள் நீள்கின்றன. அந்த இழைகளுக்கு வயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி ஒரு கொழுப்பு உறை உண்டு. அது இருந்தால்தான் செய்தி வேகமாகவும் சிதறாமலும் போகும். இந்த உறையை உருவாக்கப் போகும் செல்கள் 24 முதல் 32 வாரம் வரை இன்னும் இளம் செல்கள். ரத்த ஓட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும், கிருமித்தொற்று வந்தாலும் முதலில் அடிபடுவது அவைதான். அடிபட்டவற்றின் இடத்தில் புதிய செல்கள் வந்தாலும், அவை முழுதாக முதிர்ந்து உறை போடத் தடுமாறுகின்றன. ஆக, பெரிய காயம் என்று எதுவும் இல்லாமலேயே இணைப்புகளின் வேகம் சற்றுக் குறைந்துவிடலாம்.

உங்கள் பையன் அந்த 12 வாரங்களில் பெரும்பகுதியை எங்கே கழித்தான்? வெளிச்சம், மானிட்டர் சத்தம், குழாய், ஊசி, இவற்றுக்கு நடுவே. மூளை வளர்வதை நிறுத்தவில்லை. ஆனால் வளர வேண்டிய இடமான கருப்பையில் வளரவில்லை.

கிரேடு 1 ரத்தக்கசிவைப் பற்றி அன்று மருத்துவர்கள் சொன்னது சரிதான். மூளையின் நடுவே இருக்கும் நீர் அறைகளின் ஓரத்தில், இந்த வாரங்களில் மட்டும் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கொஞ்சம் கசிவதுதான் அது. நான்கு படிகளில் இது முதல் படி. பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். உச்சிக்குழி வழியாக எடுக்கும் அந்த ஸ்கேன் பெரிய கசிவு, நீர் சேர்தல், கட்டி கட்டியான பாதிப்பு இவற்றைக் காட்டும். நான் மேலே சொன்ன மெல்லிய இணைப்புச் சிக்கலைக் காட்டாது. அதனால்தான் ஸ்கேன் நன்றாக இருந்தும், நடையும் பேச்சும் சரியாக வந்தும், மூன்றாம் வகுப்பில் கணக்கு நோட்டில் அது தலைகாட்டுகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பெரும்பாலும் ஒரு படிக் கணக்கு, மனப்பாடம். தப்பித்துவிடலாம். இரண்டு மூன்று படிகளை ஒரே நேரத்தில் மனதில் ஓட்டவேண்டிய கட்டம் வரும்போதுதான் வெளியே தெரிகிறது. எட்டு வயதை ஒட்டி என்னிடம் வரும் குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் எல்லோரும், "இத்தனை நாள் நல்லாத்தான் படிச்சான்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஜெர்மனியின் பவேரியாவிலும் இங்கிலாந்திலும் இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதே சித்திரம்தான். மொழியைவிடக் கணக்கில் அதிகத் தடுமாற்றம். அதற்குக் காரணம் எண்ணறிவு இல்லாதது அல்ல, மனதில் பிடித்து வைக்கும் திறனும் வேகமும் இடத்தைக் கணிக்கும் பார்வையும் குறைவது. அப்புறம் கவனக்குறைவு. அதிலும் ஒரு தனித்தன்மை உண்டு: இந்தப் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பதில்லை, பக்கத்துப் பையனை அடிப்பதில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாகத் தொலைந்துபோகிறார்கள். சேட்டை செய்கிற பையனை டீச்சர் கவனித்துவிடுவார். அமைதியாக இருப்பவன் 'சோம்பேறி' பட்டத்தோடு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறான்.

மிகக் குறைந்த வாரங்களில் பிறந்த குழந்தைகளின் ஐ.க்யூ. நிறைமாதக் குழந்தைகளைவிடச் சராசரியாக 10 முதல் 13 புள்ளி வரை குறைவு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் இந்த எண் உங்கள் கண்ணில் படும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சராசரி என்பது கூட்டத்தைப் பற்றியது. அந்தக் கூட்டத்தில் வகுப்பில் முதலாவதாக வருபவர்களும் உண்டு, கூடவே ஆள் வேண்டியவர்களும் உண்டு. சரளமாகப் படித்து, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிற பையனைப் பற்றி அந்த எண் எதையும் தீர்மானிக்காது.

இப்போது உங்கள் கேள்விகளில் மிகக் கனமானதுக்கு வருகிறேன். வேலைக்குப் போனதால் பிரஷர் வரவில்லை. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடும் விதத்திலேயே தொடங்கிவிடுகிறது. உங்களுக்குக் கர்ப்பம் என்று தெரிந்து சில வாரங்களிலேயே அதற்கான விதை விழுந்தாயிற்று. நாள் முழுக்கப் படுத்தே கிடந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. அது முற்றினால் குழந்தையை வெளியே எடுப்பதுதான் வைத்தியம், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஆக, உங்கள் பையன் சீக்கிரம் பிறந்தது யாரோ செய்த தவறால் அல்ல. அவனைக் காப்பாற்றிய முடிவு அது. இதை உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

மாமியாரிடமும் கோபப்படாதீர்கள். 'குறைமாசப் பிள்ளை' என்று ஒன்று இருக்கிறது, அதற்கு விளைவு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட விதத்தில் டீச்சரைவிட அவர் ஒரு படி மேல். 'விடு' என்பதில்தான் எனக்குச் சண்டை. (ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்ற நம்பிக்கையும் அவரிடம் இருந்தால், அது முழுக்கத் தலைகீழ். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.)

எம்.ஆர்.ஐ. வேண்டாம். எடுத்தால் இணைப்புப் பாதைகளில் சிறு வேறுபாடு தெரியலாம், தெரியாமலும் போகலாம். எதுவாக இருந்தாலும் நாளை காலை நாம் செய்யப்போவது ஒன்றுதான். வலிப்பு வந்தால், கை கால் ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால், கற்றதை மறந்து பின்னோக்கிப் போனால் அப்போது கதை வேறு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். ஞாபகசக்தி டானிக்குக்குச் செலவழிக்கும் பணத்தைப் பழத்துக்குச் செலவழியுங்கள். அபாகஸ் கொஞ்ச காலம் போனதும் மனதுக்குள்ளேயே மணிகளை நகர்த்தச் சொல்லும். எங்கே நழுவுகிறதோ அங்கேயே கூடுதல் பாரம். இப்போதைக்கு வேண்டாம். கம்ப்யூட்டரில் வரும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளையும் இப்படிப் பிறந்த குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த விளையாட்டில் தேறுகிறார்களே தவிர, அது கணக்கு நோட்டுக்கு வந்து சேரவில்லை.

முதலில் கண். இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பிறந்தபோது விழித்திரை பரிசோதனை செய்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும், குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் பின்னாளில் அதிகம் வரும். போர்டைப் பார்த்து எழுதாமல் இருப்பதற்குக் காரணம் வெறும் கண்ணாடிப் பவராகவும் இருக்கலாம். காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினும் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைந்தாலே கவனம் சிதறும். இவை மூன்றும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

அதன்பின் உளவியல் மதிப்பீடு. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள், கற்றல் குறைபாடும் கவனக்குறைவும் அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. தனியாரிடம் போனாலும் சரி, அங்கே போனாலும் சரி, ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றை ஐ.க்யூ. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மொழித்திறன், உருவங்களைக் கையாளும் திறன், மனதில் பிடித்து வைக்கும் திறன், வேகம் என்று தனித்தனியாக மதிப்பெண் கேளுங்கள். உங்கள் பையனுக்கு முதலாவது நன்றாகவும் கடைசி இரண்டும் குறைவாகவும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். கவனக்குறைவு நோய் என்று அவர்கள் முடிவுக்கு வந்தால், அதற்கு மருந்தும் உண்டு. மருந்து என்றதும் எழுந்து ஓடிவராமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

பிறந்த தேதியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் பள்ளிச் சேர்க்கைக்கு ஜூலை 31-ஐ வைத்து வயதைக் கணக்கிடுவது வழக்கம். ஜூலை 10-இல் பிறந்ததால் அவன் இந்தச் செட்டில் வந்துவிட்டான். அக்டோபர் 2-இல் பிறந்திருந்தால் இப்போது இரண்டாம் வகுப்பில் இருப்பான்! குறைமாதத்தில் பிறந்ததோடு, வகுப்பிலேயே சின்னவனாகவும் இருக்கிறான். இரண்டு வயதுக்கு அப்புறம், முன்னதாகப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துப் பார்ப்பதை நாங்கள் பொதுவாக நிறுத்திவிடுகிறோம், பள்ளியோ அதை ஒருபோதும் பார்ப்பதில்லை. அதற்காக இப்போது ஒரு வருடம் நிறுத்திப் படிக்க வைக்கலாமா என்று கேட்காதீர்கள். பவேரியாவில் குறைமாதக் குழந்தைகளை ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்த்துப் பார்த்தபோது, எட்டு வயதில் அவர்கள் முன்னேறியிருக்கவில்லை. நண்பர்கள் மேல் வகுப்புக்குப் போக இவன் மட்டும் அங்கேயே இருப்பது வேறு. உதவி இல்லாமல் அதே பாடத்தை இன்னொரு வருடம் நடத்தினால் அதே இடத்தில்தான் நழுவும்.

டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். 28 வாரத்தில் பிறந்த பிள்ளை என்று அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை, சேர்க்கைப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. ஆசிரியர் பயிற்சியிலும் இதைப் பற்றி அதிகம் சொல்லிக்கொடுப்பதில்லை. இவ்வளவு எழுதினால் போதும்: "என் மகன் மூன்று மாதம் முன்னதாகப் பிறந்தவன். அவனுக்குப் புரிகிறது, ஆனால் பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைப்பது கஷ்டம். வேகமும் குறைவு. தயவுசெய்து முன் வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுங்கள். போர்டில் உள்ளதை எழுதி முடிக்காவிட்டால் பக்கத்துப் பையன் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்." கூடவே டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ் ஒன்று.

வீட்டில் கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு எண். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பத்தாம் இடத்து எண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து ஒன்றாம் இடத்தின் மேல் ஏறுவதைக் கவனித்தீர்களா? கட்டம் இருந்தால் அது நிற்கும். மீதியை மேலே எழுதுவதைச் சட்டமாக்குங்கள். "மனசுல வச்சுக்கோ" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் கொஞ்ச காலத்துக்குத் தடை. வழிக்கணக்கை வாசிக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். எல்லா வட்டமும் பயன்பட்டதா என்று கடைசியில் அவனே பார்க்கட்டும், அழுகிய 9 மாம்பழமும் அகப்பட்டுவிடும். வாய்ப்பாட்டு அட்டை பக்கத்திலேயே இருக்கட்டும், பார்த்து எழுதினால் பரவாயில்லை. கால் மணி நேரம் போதும். அதற்குமேல் உட்கார வைத்தால் அழுகைதான் மிஞ்சும், உங்களுக்கும் சேர்த்து.

வீட்டு வேலை சொல்லும்போதும் இதே கணக்குத்தான். "ஷூவைக் கழட்டி வச்சுட்டு, கை கழுவிட்டு, டிபன் பாக்ஸ எடுத்துட்டு வா" என்றால் மூன்றில் ஒன்று கட்டாயம் விழும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

எட்டு வயது நிரம்பியும் தடுமாற்றம் தொடர்ந்தால், கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டையும் முறைப்படி செய்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள், 14-இலும் 18-இலும் மறுபடி பார்ப்பார்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்பதற்காக மட்டும் தரமாட்டார்கள், சோதனையில் அது தெரியவேண்டும். கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. வேகம்தான் பிரச்சினையாக உள்ள பிள்ளைக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழ் வாங்கினால் 'பெயர் கெட்டுவிடும்' என்று தயங்கும் அப்பாக்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்காரரையும் மதிப்பீட்டு நாளில் கூட்டிப்போங்கள், நீங்கள் வந்து விளக்குவதைவிட அவரே நேரில் கேட்பது நல்லது.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி, பிறகு அடித்திருந்த கேள்வியும் எனக்குத் தெரிந்தது: இன்னொரு குழந்தை பெற்றால் அதுவும் இப்படிப் பிறக்குமா? நிச்சயம் அப்படித்தான் என்று இல்லை, ஆனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். கர்ப்பத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, முதல் பிரசவத்தின் காகிதங்களைக் காட்டுங்கள். 12 முதல் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் இந்த வகை ரத்தக்கொதிப்பு சீக்கிரமே வந்து படுத்துவது குறைகிறது. நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அது ஏற்றதா என்று அவர்தான் சொல்லவேண்டும்.